பெயரைச் சொல்லுங்கள், கூட்டைச் சொல்லாதீர்கள்

பெரிய முதலியார்சாவடியிலிருந்து மரக்காணம் உப்பளத்துக்கு நாங்கள் சைக்கிளில் பறவை பார்க்கப் போன காலத்தில், பார்த்ததை வெளியூர்க்காரருக்குச் சொல்ல அஞ்சலட்டைதான் வழி. ஜாஃபர் ஃபுதேஹல்லி 1960இல் தொடங்கிய 'நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்' ஏடு எங்கள் கைக்கும் சுற்றிச் சுற்றி வரும். அதில் குறிப்பு எழுதியவரின் பெயர் கூடவே இருக்கும். தவறாகச் சொன்னால் நம் பெயர்தான் கெடும். ஆகவே ஒரு பறவையைப் பற்றி எழுதுமுன் மறுபடி போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்போம்.

கூடு இருக்கும் இடத்தை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டோம். அந்த ஒழுக்கத்தை உப்பு வாரும் பெண்களிடம் கற்றோம். கோடையில் ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். மண் நிறமும் கரும்புள்ளியுமாக, காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. உச்சி வெயிலில் தாய்ப்பறவை வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நாம் அருகில் நின்று அதை விரட்டிக்கொண்டே இருந்தால் முட்டைக்குள் இருக்கும் உயிர் சூட்டில் போய்விடும். அந்தப் பெண்கள் தலைச்சுமையோடு வரப்பைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். "அந்தாண்ட போவாத தம்பி, அடையில இருக்குது" என்பார்கள். அவ்வளவுதான்.

இன்று எல்லாம் தலைகீழ். படம் எடுத்த நிமிடமே கைப்பேசியில் ஆயிரம் பேருக்குப் போகிறது. எடுத்தவருக்குப் புனைபெயர், கூட்டுக்கோ வரைபடத்தில் துல்லியமான புள்ளி. அடுத்த ஞாயிறு வரப்போரம் கார்கள் நிற்கின்றன. முட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துப் படமெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "வேண்டாமே" என்று குழுவில் எழுதிய ஓர் இளைஞனை முகம் தெரியாத பலர் சேர்ந்து வைதார்கள். சொந்தப் பெயரில் ஒருவரும் அப்படி வைதிருக்க மாட்டார்கள்.

பெயரை மறைப்பதே தவறு என்று சொல்லவில்லை. தனியாக ஏரிக்குப் போகும் பெண்ணுக்கு அது பாதுகாப்பு. பறவைப் பதிவுகளுக்காக 2002இல் தொடங்கிய இ-பேர்ட் இணையதளம் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆபத்தில் உள்ள சில பறவைகளின் இடத்தையும் தானே மறைத்துவிடுகிறது. ஆள்காட்டி போன்ற சாதாரணப் பறவைக்கு அந்தக் காப்பு இல்லை. அதைக் காப்பது நம் பொறுப்பு.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2021 டிசம்பரில் மரக்காணம் பக்கத்துக் கழுவெளி ஈரநிலம், 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில், பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை 'வேட்டை' என்ற விளக்கத்திலேயே சேர்த்திருக்கிறது. துப்பாக்கி ஏந்தியவரை மட்டும் அது சொல்லவில்லை.

பறவை பார்க்க வரும் தம்பி தங்கைகளே, முடிந்தவரை உங்கள் பெயரோடு எழுதுங்கள். இடம் கேட்டால் 'மரக்காணம் பக்கம்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள். கூட்டின் படத்தைக் குஞ்சுகள் இறங்கி ஓடிய பிறகு போடுங்கள். அதுவரை காத்திருக்க முடியாதவர் கூட்டின் பக்கம் போகவே வேண்டாம்.