வானம் பார்த்த ஆசாமி

திருநீர்மலையில் பெருமாள் நாலு கோலத்தில் இருக்கிறார். அடிவாரத்தில் நீர்வண்ணராக நின்றான். மலைமேல் நரசிம்மராக இருந்தான், ரங்கநாதராகக் கிடந்தான், உலகளந்தவராக நடந்தான். வெளியூர்க்காரர் யாராவது வந்தால் இந்த நாலையும் விரல்விட்டு எண்ணிக் காட்டுவார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். நாலோடு நிறுத்த மாட்டார். கட்டைவிரலையும் மடக்கி, "பறந்தான். அது மேல!" என்பார். வந்தவர் கோபுரத்தைப் பார்ப்பார். பெரியவர் காட்டுவது அதற்கும் மேலே, சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு பம்மல் பக்கமாகத் தாழ்ந்துகொண்டிருக்கும் ஏர்பஸ்ஸை.

அவருக்கு ஊரில் 'ஏர்போர்ட் சார்' என்று பெயர். மீனம்பாக்கத்தில் பெரிய உத்தியோகம் என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். துபாயிலிருந்து வரும் மச்சான் எவ்வளவு நகை கொண்டுவரலாம் என்று கேட்கிறார்கள். பையனுக்கு டிராலி தள்ளுகிற வேலையாவது போட்டுத் தரச் சொல்கிறார்கள். சார் ரயில்வேயில் கணக்குப் பிரிவு. முப்பத்தாறு வருஷம். ஒரு ரயிலையும் நிமிர்ந்து பார்த்தவரில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் மொட்டை மாடிக்குப் போனவர், நிமிர்ந்த தலையை இன்னும் இறக்கவில்லை.

இந்த ஜாதி ஆட்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். தங்களுக்குள் 'ஸ்பாட்டர்' என்று சொல்லிக்கொள்வார்கள். வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள். விமானத்தைப் பார்ப்பது, ரகத்தைச் சொல்வது, வால்பக்கம் எழுதியிருக்கும், 'வி.டி.' என்று தொடங்கும் பதிவு எழுத்துகளைக் குறித்துக்கொள்வது, முடிந்தால் படம் பிடிப்பது. அவ்வளவுதான் வேலை. சம்பளமும் கிடையாது, புண்ணியமும் கிடையாது. பறவை பார்க்கிறவர்களுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது, வேடந்தாங்கல் இருக்கிறது, ஊரில் ஒரு மரியாதையும் இருக்கிறது. விமானம் பார்க்கிறவரைப் பார்த்தால், "அது தினம் போறதுதானே சார்!" என்பார்கள். காக்கையும் தினம் போவதுதான் என்று சார் பதில் சொல்வார். உண்மையில் இவர்களுக்கு இண்டிகோ ஏ-320தான் காக்கை. கண்ணில் படும், கணக்கில் வராது.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். பேசிக்கொண்டே இருப்பார், வாக்கியம் பாதியில் நிற்கும், கண் மேலே போகும், உதடு ஏதோ முணுமுணுக்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து வாக்கியம் தொடரும். பொழிச்சலூர் மாதிரி ஓடுபாதையை ஒட்டிய ஊர்களில் எல்லாருமே இப்படித்தான் பேசுகிறார்கள். அவர்கள் சத்தத்துக்காக நிறுத்துகிறார்கள், இவர் சந்தோஷத்துக்காக நிறுத்துகிறார்.

ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம். மேலே கனமான ஓசை கிளம்பியது. 136 டன்னுக்கு மேல் எடையோடு கிளம்பக்கூடிய விமானத்துக்கு 'ஹெவி' என்று பெயர். சாருக்கு வாய் நிற்கவில்லை. "ஹெவி" என்றார். பக்கத்தில் இருந்த இறந்தவரின் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா சார், ரொம்ப ஹெவியான இழப்பு" என்றார். சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு திரும்பும் வழியில் என்னிடம், "ட்ரிபிள் செவன்" என்று மட்டும் சொன்னார்.

இவர்களுடைய பஞ்சாங்கமே வேறு. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறு முனையில் 25 என்றும் எண். திசைகாட்டியின் 70 பாகையும் 250 பாகையும் கடைசிச் சுழியை உதிர்த்துவிட்டு நிற்கின்றன. வாடை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் விமானங்கள் மேற்கிலிருந்து, அதாவது எங்கள் தலைக்குப் பக்கமாக வந்து 07-ல் இறங்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசினால் கதை தலைகீழ். பரங்கிமலைப் பக்கமிருந்து இறங்கி, எங்கள் பக்கமாக ஏறிப் போகும். மத்தியானம் கடற்காற்று புகுந்தால் மறுபடியும் மாறும். ஆகவே சார் காலையில் எழுந்ததும் கொடிக்கயிற்றைப் பார்ப்பார். புடவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காபி. புடவை காய்ந்ததா என்று அவர் பார்த்ததே இல்லை என்பது வீட்டம்மாவின் தரப்பு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலைப்படியில் நாலு பேர் கூடுவோம். சார். மடியில் பீரங்கி மாதிரி லென்ஸை வைத்துக்கொண்டு அதன் தவணையைப் பற்றியே பேசும் லென்ஸ்காரர். எந்த விமானத்தையும் வானத்தில் பார்க்காமல் போன் திரையிலேயே பார்த்துவிடும் கல்லூரித் தம்பி. கூடப் போய்க் கெட்ட நான். அங்கே நான் கவனித்தது ஒன்று உண்டு. பிடித்த விமானத்தைப் பற்றி இவர்கள் அஞ்சு நிமிஷத்துக்கு மேல் பேசுவதில்லை. விட்ட விமானத்தைப் பற்றி அஞ்சு வருஷம் பேசுகிறார்கள்.

பெலூகா கதை அப்படிப்பட்டது. ஏர்பஸ் கம்பெனி தன் விமானங்களின் உடல்பாகங்களை ஊர்விட்டு ஊர் ஏற்றிப் போவதற்காகக் கட்டிய விமானம். முன்தலை வீங்கி, வெள்ளைத் திமிங்கிலம் மாதிரியே இருக்கும். 1994-ல் முதலில் பறந்தது. அந்த வரிசையில் மொத்தமே ஐந்துதான் செய்தார்கள். அதில் ஒன்று 2022 ஜூலையில் எரிபொருள் போட்டுக்கொள்ளச் சென்னையில் இறங்கியது. உலகத்தில் ஐந்தே ஐந்து, அதில் ஒன்று வீட்டுக்கு ஆறேழு கிலோமீட்டரில் நிற்கிறது. சார் அப்போது திருச்சியில், சம்பந்தி வீட்டுச் சீமந்தத்தில், கையில் ஐந்து வகைச் சித்ரான்னத்தோடு. தம்பி போனில் படம் அனுப்பினான். "தலைப்பிள்ளை பாத்தீங்களா சார்" என்று சம்பந்தி கேட்டதற்கு, "தலை மட்டும் தனியா பெரிசா இருக்கு" என்று இவர் பதில் சொல்லிவிட்டார். அந்தக் குழந்தைக்கு இப்போது பள்ளிக்கூட வயசு. சம்பந்தி இன்னும் மறக்கவில்லை.

ஆனால் ஆன்டெனாவைச் சொல்லாவிட்டால் இவர்களைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது.

பறக்கும் விமானம் அநேகமாக ஒவ்வொன்றும் தன் இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் 1090 மெகாஹெர்ட்ஸில் தானே ஓயாமல் அறிவித்துக்கொண்டே போகிறது. அதை ரகசியமாகச் சொல்வதில்லை, தண்டோராதான். கையகலக் கம்ப்யூட்டர் ஒன்றும் ரிசீவர் ஒன்றும் சின்ன ஏரியல் ஒன்றும் இருந்தால் மொட்டை மாடியில் உட்கார்ந்தே கேட்கலாம். போனில் நாம் பார்க்கிற மஞ்சள் விமானங்கள் நகரும் அந்த ஸ்வீடன் தேசத்து ஃப்ளைட்ராடார்24 கூடப் பெரும்பாலும் இந்த மாதிரி மொட்டைமாடிக்காரர்கள் அனுப்பும் தகவலில்தான் ஓடுகிறது. அனுப்புகிறவர்களுக்குச் சந்தா இலவசம். 'இலவசம்' என்ற சொல் சாரின் காதில் விழுந்ததுதான் தாமதம்.

அந்த அலையின் நீளம் 27.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, 69 மில்லிமீட்டர், ஏரியலுக்கு வேண்டிய அளவு. பேரனின் குளிர்பான டின்னை எடுத்தார். வீட்டம்மாவின் தையல் டேப்பை எடுத்தார். டேப்பில் அந்தப் பக்கம் அங்குலம், இந்தப் பக்கம் மஞ்சள்கறை. கறைக்கு அடியில் சென்டிமீட்டர் இருக்கிறது என்று நம்பி மூன்று டின்களை வெட்டி வீணாக்கினார். நாலாவது சரியாக வந்தது. துணி காயப்போடும் இரும்புக் குழாயின் உச்சியில் அதைக் கட்டி ஏற்றினார். அன்று ராத்திரி நெல்லூர் மேலே போன விமானம் திரையில் வந்தது. சார் என்னைப் போனில் எழுப்பி, "நெல்லூர்!" என்றார். நான் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் மாடியேறி வந்தார்.

"சார், டவர் போட்டிருக்கீங்களாமே. கதிர்வீச்சு வரும்."

"இது அனுப்பாதுங்க. வாங்க மட்டும்தான் வாங்கும்."

"வாங்கறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எங்க வீட்டு முருங்கை இந்த வருஷம் பூக்கவே இல்லை."

கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி, முருங்கைக்கு ஏதாவது ஆனால் தானே பொறுப்பு என்று சார் வாய்மொழியாக உறுதி கொடுத்தார். மறுவருஷம் முருங்கை முறிந்து விழுகிற அளவுக்குக் காய்த்தது. ஏரியலுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் காலை, திரையில் ஒரு விமானமும் இல்லை. நெல்லூரை விடுங்கள், மீனம்பாக்கம் மேலேயே வெறும் வானம். சார் முதலில் கம்ப்யூட்டரைத் தட்டினார். பிறகு டி.வி.யைப் போட்டு யுத்தம் ஏதாவது அறிவித்துவிட்டார்களா என்று பார்த்தார். எனக்குப் போன் செய்து, "உங்க பக்கம் ஆகாயம் இருக்கா?" என்று கேட்டார். கடைசியில் மாடிக்கு ஓடினால், ஏரியலின் தலைமேல் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு ஜமக்காளம். "கொடிக்கயிறு தாங்கலை, அதான் அந்த டப்பா மேல போட்டேன்" என்றார் வீட்டம்மா. "மேல போற ஃப்ளைட்டெல்லாம் தெரியுது, கீழ சிலிண்டர் தீர்ந்து ரெண்டு நாளாச்சு, அது தெரியலையே உங்க டப்பாவுக்கு!" அதற்கு எந்த அலைவரிசையிலும் பதில் இல்லை.

வெளியே போனால் வேறு ஆபத்து. எங்கள் மலைக்கோயில் சினிமாவில் அடிக்கடி வரும். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்து தாலி கட்டுகிற காட்சி என்றால் இந்தப் படிகள்தான். நிஜத்திலும் அப்படிச் சில ஜோடிகள் வருவதுண்டு. ஒரு ஜோடி மாலையும் கையுமாக ஏறிக்கொண்டிருந்தபோது, மேல்படியில் ஒரு பெரியவர் பைனாகுலரோடு நின்று, நோட்டில் எதையோ எழுதி, "வந்தாச்சு, வந்தாச்சு, சரியா அஞ்சு பத்து!" என்று போனில் கத்திக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்? பெண்ணின் அப்பா ஆள் வைத்திருக்கிறார் என்று பையன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். பெண் ஒவ்வொரு படியாகத்தான் இறங்கினாள். அந்தக் கல்யாணம் நடந்ததா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. சாரிடம் கேட்டால், அன்று வந்தது சரக்கு விமானம் என்கிறார்.

போலீஸ் விஷயத்தில் மட்டும் இவர்கள் ஜாக்கிரதை. தாம்பரம் விமானப்படைத் தளம் இருக்கும் திசையில் தலை வைத்துக்கூடப் படுப்பதில்லை. காரணம் இருக்கிறது. 2001-ல் கிரீஸ் நாட்டில் கலமாட்டா என்ற ஊருக்கு விமானக் கண்காட்சி பார்க்கப் போன 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்து உள்ளே போட்டார்கள். நாங்கள் சும்மா பார்க்கிறோம், எண்ணை எழுதிக்கொள்கிறோம் என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. மேல்முறையீட்டில் விடுதலையாக ஒரு வருஷம் ஆயிற்று. 2010-ல் டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் அறையிலிருந்து விமானம் பார்த்த இரண்டு பிரிட்டிஷ்காரர்களும் இதே மாதிரி மாட்டி, அபராதம் கட்டி ஊர் போனார்கள்.

எங்களையும் ஒருமுறை ரோந்து வந்த காவலர் ஒருவர் நிறுத்தினார். நோட்டைப் புரட்டினார். தேதி, நேரம், எழுத்து, எண், பக்கம் பக்கமாக.

"என்ன சார் இது?"

"ஃப்ளைட் நம்பருங்க."

"எதுக்கு?"

சிக்கல் இந்த 'எதுக்கு'தான். கிரீஸிலும் இதைத்தான் கேட்டிருப்பார்கள். சார் யோசித்தார். லென்ஸ்காரர் தவணையை நினைத்துக்கொண்டார். தம்பி போனைப் பைக்குள் போட்டான். காவலர் சாரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க அந்த ஏர்போர்ட் சார்தானே?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம பையன் டிப்ளமா முடிச்சிட்டுச் சும்மாதான் இருக்கான்" என்றார்.

இந்தப் பைத்தியம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் என்ற கோர்சிகாக்காரர், தானே வடிவம் போட்டு, சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்து ஒரு விமானம் கட்டினார். அதைப் பறக்கவிட்டுப் பார்த்த இடம் இதோ இந்தப் பல்லாவரம். 1910 மார்ச்சில் தீவுத்திடலில் கூட்டம் கூட்டிக் காட்டினார். ஹோட்டல் கல்லாவில் அன்றைக்கு யார் இருந்தார் என்ற தகவல்தான் கிடைக்கவில்லை. பொறுமைக்கு முன்னோடி இன்னும் பழையவர். திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம். நீர் வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலவரலாறு. கோயில் படியில் மணிக்கணக்காகக் காத்திருக்கும்போது சார் இதைச் சொல்லித்தான் எங்களை உட்காரவைப்பார்.

சார் இதுவரை விமானத்தில் ஏறியது இரண்டே முறை. இரண்டு முறையும் நடு சீட்.

போன ஆடியில் அவர் பெண் கனடாவுக்குக் குடிபோனாள். மத்தியானம் டெல்லி விமானம், அங்கிருந்து மறு விமானம். குடும்பமே மீனம்பாக்கத்துக்கு வழியனுப்பப் போயிற்று. இவர் மட்டும், "நான் மலையிலேர்ந்து பாத்துக்கறேன், நீ எடது பக்க ஜன்னல்ல உக்காரு" என்று அவளுக்குச் சொல்லிவிட்டார். வீட்டம்மா இரண்டு நாள் பேசவில்லை. ஆடி மாதம், மேல்காற்று, 25-ல் ஏறும், நேராக எங்கள் பக்கம் வரும். கணக்கு சரி. லென்ஸ்காரரிடம் பீரங்கியை இரவல் வாங்கி, பதினோரு மணிக்கே ஏறி உட்கார்ந்துவிட்டார். நானும் கூட இருந்தேன். பன்னிரண்டே காலுக்கு அவள் போன் செய்து, "அப்பா, கதவ சாத்திட்டாங்க, கைகாட்டறேன் பாருங்க" என்றாள். சார் லென்ஸ் மூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

முதுகுப்பக்கமாக வந்துகொண்டிருந்த காற்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தில் அடித்தது, ஈரமாக. கடற்காற்று அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. ஓடுபாதையை 07-க்கு மாற்றிவிட்டார்கள். தூரத்தில் விமானம் கிழக்கே பார்த்து எழும்பி, கடல் பக்கம் போயிற்று. வால் மட்டும் தெரிந்தது.

சார் நோட்டை எடுத்து வி.டி. எழுத்துகளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டார். 12.41.