முக்கூடல் வட்டாரத்துக் கண்ணடிக் கருமையும் காலை அதைப்பும்: ஓர் அறிமுகத்துக்கான முன்னுரை

கண்ணுக்குக் கீழே உள்ள பகுதி கண்ணுக்குக் கீழேதான் உள்ளது என்பதை அறிஞர் பெரும்பாலோர் ஏற்பர் (சான்று: கண்ணாடி, பல பதிப்புகள்). அங்குள்ள தோலின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். இக்காலத்து ஆய்வேடுகளில் பொருளுக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதத்தை நோக்கினால், அரை மில்லிமீட்டருக்கு முந்நூறு பக்கம் தாராளமாக ஒதுக்கலாம். இடமின்மையால் சுருக்குகிறேன்.

முதலில் எல்லை. முக்கூடல் இரண்டு. ஒன்று திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் பீடி சுற்றும் முக்கூடல். மற்றொன்று கிழக்கே, சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரிப் பக்கம். முக்கூடற்பள்ளு என்னும் சிற்றிலக்கியம் எழுந்தது அதன்மேல். எந்த முக்கூடல் என்று தெளியாமல் கண்வளையத்தைத் தொடுவது முறையன்று. தெளிந்தபின் தொட நேரமிருக்காது. துறையின் மரபு அது. எனவே இக்கட்டுரை மேற்கு முக்கூடலில் நின்றுகொண்டு கிழக்கு முக்கூடலை மேற்கோள் காட்டும்.

இனி வகைப்பாடு. தோல் மருத்துவர்கள் கருவளையத்தை நான்காகப் பிரிக்கிறார்கள்: நிறமி கூடியது, அடியிலுள்ள இரத்தநாளம் வெளித்தெரிவது, கண்ணடிக் குழியின் நிழல் விழுவது, கலப்பு. முதல் மூன்றும் ஒரே முகத்தில் வந்து நின்றபோது வகைப்படுத்தியவர் கண்ட வழியே நான்காவது. நம்மில் பலர் அங்கேதான் குடியிருக்கிறோம்.

இனிக் காரணங்கள். பரம்பரை: அம்மையைப் பார்க்க.

கண்மை: நேற்றையது.

வயது: கண்ணைத் தாங்கும் கொழுப்பு, பிடிமானம் தளர்ந்ததும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரும் அழைக்கவில்லை.

தூக்கமின்மை: “ஏட்டி, ராத்திரி ஒறங்கலையா?” (மூலம்: எதிர்வீட்டு மயினி, வாசற்படிப் பதிப்பு, நாள்தோறும் வெளிவருவது). உறங்காதவருக்குத் தோல் வெளிறி, அடியிலுள்ள நாளம் எடுப்பாகத் தெரியும் என்பதால் இவ்வினாவுக்கு அடிப்படை உண்டு. ஆனால் எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தவரிடமும் இதே வினா கேட்கப்படுவதால், மயினி தரவைப் பார்த்து முடிவுக்கு வரவில்லை, முடிவோடுதான் படியிறங்கினார் என்று தெரிகிறது. இந்த ஆய்வுமுறையைப் பல்கலைக்கழகங்களும் கையாளுகின்றன.

உப்பு: தாமிரபரணி பொதிகையில் பிறந்து, தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னைக்காயலில் கடலில் விழுகிறது. அந்த மாவட்டத்து உப்பளங்களில் விளைந்ததோ கருவாடாகவும் ஊறுகாயாகவும் எதிர்த்திசையில் முக்கூடலுக்கு ஏறி வருகிறது. இரவு பத்து மணிக்குக் கருவாட்டுக் குழம்பு. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். படுத்ததும் அந்தத் தண்ணீர், தளர்வான இடம் தேடிக் கண்ணடியில் தங்கும். விடிந்ததும் “மூஞ்சி அதைச்சிருக்கே” என்பார்கள். எழுந்து நடமாடினால் கொஞ்ச நேரத்தில் தானாக வடியும். அதற்குள் குளித்துவிட்டால் பெயர் ஆற்றுக்கு.

படுத்ததும் என்றேன். இங்கேதான் முக்கூடற்பள்ளு உதவிக்கு வருகிறது. கதை யாவரும் அறிந்தது. நாயகன் குடும்பன் பண்ணை வேலையை விட்டுவிட்டு இளைய மனைவி வீட்டிலேயே கிடக்கிறான் என்று மூத்தவள் முறையிட, பண்ணைக்காரன் அவன் காலைத் தொழுமரத்தில் மாட்டுகிறான். பிறகு மூத்தவளே இரங்கி மீட்கிறாள். அப்புறம் இருவரும் சண்டையிட்டு, ஒருத்தி சிவனையும் மற்றவள் திருமாலையும் இழுத்துப் பேசித் தீர்க்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் குடும்பனுக்குக் கண்ணடி அதைத்திருந்ததா? நூலில் விடை தேடுவது வீண். ஆகவே ஆய்வுக்கு மிகப் பொருத்தமான கேள்வி.

கிடந்த நிலையில் தொழுமரத்தில் இருந்தான், ஆகவே கண் அதைத்தது என்பது படுக்கைக் கட்சி. உட்கார்ந்திருந்தான், ஆகவே நீர் கீழிறங்கிக் கால்தான் வீங்கியது என்பது இருக்கைக் கட்சி (டீக்கடை மேல்பெஞ்சு, நான்காம் அமர்வு, வடைக்கு முன்). ஒருக்களித்துப் படுத்திருந்தால் கீழ்ப்பக்கக் கண் மட்டும் அதைத்திருக்கும் என்று சமரசக் கட்சி ஒன்று புறப்பட்டு, வலமா இடமா என்பதில் இரண்டாக உடைந்தது (அதே பெஞ்சு, வடைக்குப் பின், மறுப்பு: கடை அடைத்தபின் திண்ணையில், மறுப்புக்கு மறுப்பு: தினத்தாள் ஓரத்தில் பென்சிலால், அத்தாளில் பிற்பாடு பஜ்ஜி மடிக்கப்பட்டதால் எண்ணெய் படாத வரிகள் மட்டும்). இடப்பக்கக் கட்சியின் மூலப்படியை நான் பார்த்ததில்லை. பார்த்தவரை மேற்கோள் காட்டியவரை மேற்கோள் காட்டியவரைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர், அதற்குள் துறைத்தலைவராகிவிட்டார். நீர் தாழ்ந்த இடத்துக்கு ஓடும் என்ற ஒரு செய்தியைத் தவிர இவர்கள் விவாதத்தில் எதுவும் நிலைக்கவில்லை. அதுவும் வாய்க்கால் மடை திறப்பவருக்கு முன்பே தெரியும்.

இவ்வட்டாரத்துக்கே உரிய காரணம் ஒன்றை முன்னோடிகள் மேற்கோள் கிடைக்காமல் விட்டிருக்கிறார்கள்: பீடி சுற்றுதல். மடியில் சுளகு, நனைத்து வெட்டிய இலை, தூள், நூல். ஆயிரம் கணக்கு முடிய வேண்டும். பகலில் முடியாதது இரவில் விளக்கடியில் தொடரும். புகையிலைத் தூள் பறந்து கண் அரிக்கும். அதே தூள் படிந்த விரலால் கசக்குவார்கள். கசக்கக் கசக்கத் தோல் தடித்து நிறமி சேரும். தூளோ தூசியோ ஒத்துக்கொள்ளாமல் மூக்கடைத்தால், கண்ணடிச் சிறு நாளங்களில் இரத்தம் தேங்கிக் கருநீலம் காட்டும். போதாதற்குச் சோகை: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது உண்டு. வெளிறிய முகத்தில் வளையம் இன்னும் அடர்ந்து தெரியும். நிறமி, நாளம், வெளிறல் மூன்றும் ஒரு முகத்திலேயே கூடிவிடுகின்றன. பீடி சுற்றும் அக்கா ஒருவர் இதை, “தூளு கைய்யி சார், அரிக்கும், தேய்ப்போம்” என்று சொல்லி முடித்தார். அடிக்குறிப்பு இல்லாததால் இக்கருத்தை ஆய்வேட்டில் சேர்க்க இயலவில்லை. நன்றியுரையில், தட்டச்சருக்கு அடுத்தபடியாக, சேர்க்கப்படும்.

சிறுநீரகம், தைராய்டு ஆகிய காரணங்களுக்கு டீக்கடையில் மூலம் இல்லை, மருத்துவரிடம்தான் உண்டு. காலைதோறும் கண்ணடி அதைத்து, சிறுநீர் நுரைத்துப் போனால் புரதம் வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தவருக்கு அதைப்போடு சோர்வும் குளிர் தாங்காமையும் சேரும். ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் ஓர் இரத்தப் பரிசோதனையும் இவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். மயினி வாசற்படியில் நின்றபடியே கண்டுபிடிக்கும் நோய்களின் பட்டியலில் இவை இரண்டும் இன்னும் ஏறவில்லை.

குடும்பனின் கால் வீக்கம் தனி ஆய்வேட்டுக்கு உரியது. தலைப்பை நான் பதிவு செய்துவிட்டேன். வேறு யாரும் தொட வேண்டாம்.