கூட்டத்துக்குச் சுழி உண்டா?

மதுரையில் மாட்டுத்தாவணி என்றால் இன்றைக்குப் பேருந்து நிலையம். வெளியூர் நண்பர் ஒருவர், "மாட்டுக்கு எதுக்குங்க பாவாடை தாவணி?" என்று என்னிடம் நிஜமாகவே சந்தேகம் கேட்டார். அந்தத் தாவணி வேறு, இது வேறு. மாடுகளை வரிசையாகக் கயிற்றில் பிணைத்து நிறுத்தி விற்கிற சந்தைக்குத் தாவணி என்று பெயர். என் தாத்தா மாட்டுத் தரகர். துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆள். சுழியைப் பார்த்துக் குணம் சொல்வார், பல்லைப் பிடித்து வயசு சொல்வார். "பார்த்த பார்வையிலயே தெரியணும்டா" என்பார்.

அந்தப் பரம்பரையில் வந்த நான் மெல்லிசைக் குழு ஒன்றில் அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். மேடையில் ஏறிக் கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டு, இந்த ஊருக்கு இன்ன பாட்டு என்று வரிசை போடுவது என் வேலை. பதினெட்டு வருஷம் அதைச் செய்திருக்கிறேன். அதில் நான் சரியாகக் கணித்தது ஒரே ஒரு தடவை. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கச்சேரியில் மேகத்தைப் பார்த்து மழை வரும் என்றேன். வந்தது. ஆம்ப்ளிஃபயர் போனது.

முதலில் எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. யார் குரலில் பாடுகிறாரோ அவர்தான் அவர். "டி.எம்.எஸ். இன்னும் சாப்பிடலையா?", "சுசீலாக்காவுக்கு ரெண்டு இட்லி சேத்து வைங்க", "ஜேசுதாசை எங்கடா காணோம்? பீடி வாங்கப் போயிருக்காப்ல." வேன் கூலியைப் பங்கு பிரிப்பதில் எஸ்.பி.பி.க்கும் ஜேசுதாசுக்கும் எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. தளபதி படத்து நண்பர்கள் பாட்டை மட்டும் தோளில் கை போட்டுப் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொள்வார்கள்.

கிராமத்துக் கூட்டத்துக்கு ஒரு வரைபடம் உண்டு. மேடைக்கு முன்னால் மண்ணில் குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் பாயும் தலையணையுமாகப் பெண்கள். ஓரமாக நாற்காலியில் துண்டு போட்ட விழாக் கமிட்டி. கடைசியில், பைக் மேல் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இளவட்டங்கள். பாட்டு பிடிக்கவில்லையென்றால் இவர்களில் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். பெண்கள் பாயைச் சுருட்டுவார்கள். கமிட்டித் தலைவர் போன் பேசுவார். இளவட்டங்கள் பைக்கை ஸ்டார்ட் செய்து, எங்கும் போகாமல், ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்குவார்கள். குழந்தைகள்தான் நேர்மையானவர்கள். தூங்கிவிடுவார்கள்.

தொடக்கத்தில் பிரச்சினை இல்லை. சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார், டி.எம்.எஸ். குரலில் முருகன், எல்.ஆர். ஈஸ்வரி குரலில் அம்மன். இதை மாற்றச் சொல்லி இதுவரை ஒரு சீட்டு வந்ததில்லை. எல்.ஆர். ஈஸ்வரி கிறிஸ்தவர் என்பதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்புகிறவர்களுக்கும் அதனால் ஒன்றும் குறைவதில்லை. அவர் குரலில் அம்மன் கூப்பிட்டால் வருகிறாள், அவ்வளவுதான்.

வருகிறாள் என்பதுதான் எங்கள் தொழில் சிக்கல். ஒரு பங்குனிப் பொங்கலில், 1989-இல் வந்த கரகாட்டக்காரன் படத்து மாரியம்மன் பாட்டை எடுத்தோம். இரண்டாவது சரணத்தில் ஓர் அப்பத்தாவுக்கு அருள் வந்துவிட்டது. பாட்டு முடிகிற இடத்துக்கு வந்தோம். சாமி முடிக்கவில்லை. நாங்கள் நிறுத்தப் போனால் பூசாரி மேடையைப் பார்த்துக் கையைச் சுழற்றுகிறார்: ஓட்டு, ஓட்டு. மற்ற இடங்களில் பாட்டின் நீளத்தை இசையமைப்பாளர் முடிவு செய்வார். இங்கே சாமி மலையேறினால்தான் பாட்டு முடியும். பல்லவிக்கு ஏழு தடவை திரும்பிப் போனோம். ஆக்டோபேட் வாசிக்கிற தம்பிக்குக் கை மரத்துவிட்டது. இதற்குள் இன்னும் இரண்டு பேருக்கு அருள் வந்து, ஒருவர் மலையேற ஒருவர் இறங்க, பேருந்து நிலையம் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அப்பத்தா விபூதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, அந்த ஜெமினி கணேசன் பாட்டு ஏதும் வச்சிருக்கீகளா?"

அம்மனுக்கு அடுத்த கட்டம் சட்டம் ஒழுங்கு. மதுரையில் எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்ற சண்டை எந்தத் தேர்தலுக்கும் முந்தையது. இரண்டு பேருக்கும் பாடியவர் ஒருவரே, டி.எம்.சௌந்தரராஜன், அவரும் 1922-இல் மதுரையில் பிறந்தவர்தான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயனில்லை. ஒரே தொண்டையிலிருந்து வந்தாலும் இரண்டு ரத்தம். கீழத்தெருவுக்கு எம்.ஜி.ஆர். ஒன்று என்றால் மேலத்தெருவுக்குச் சிவாஜி ஒன்று. ஒரு ஊரில் கணக்குத் தவறி எம்.ஜி.ஆர். மூன்று, சிவாஜி இரண்டு என்று ஆகிவிட்டது. மேலத்தெருக்காரர் ஒருவர் மேடைக்கு வந்து, கடன் பாக்கி கேட்பது போல், "ஒண்ணு நிக்குதுல்ல?" என்றார்.

இதற்கு மேல் நீதிமன்ற நிபந்தனை. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2004-இல் தொடங்கியது. திருவிழாக் காலத்தில் ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு அங்கே மனுக்கள் குவியும். அனுமதியோடு நிபந்தனைகளும் வரும்: ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது, சாதி கூடாது, கட்சி கூடாது. நியாயம்தான். ஆனால் எம்.ஜி.ஆர். பாட்டு சினிமாப் பாட்டா, கட்சிப் பாட்டா? 1980-இல் மதுரை மேற்குத் தொகுதியில் நின்று ஜெயித்தவர் அவர். எங்கள் டி.எம்.எஸ். ஒரு வழி கண்டுபிடித்தார். பாடும்போது இரண்டு விரலைத் தூக்கிக் காட்டாமல் இருந்தால் அது சினிமாப் பாட்டு. அன்றிலிருந்து எம்.ஜி.ஆர். பாட்டு வரும்போது அவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கூட்டமே அவருக்குப் பதிலாக விரலைத் தூக்கும். கூட்டத்துக்கு யார் நிபந்தனை போடுவது?

வாடிப்பட்டிப் பக்கம் நான் பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேளத்துக்குப் பேர் போன ஊர் என்று, அடி அடியென்று அடிக்கிற பாட்டாகப் பொறுக்கிப் பதினைந்து எடுத்து வைத்திருந்தேன். மூன்றாவது பாட்டிலேயே கமிட்டியிலிருந்து ஆள் வந்தார். "தம்பி, நாங்க விடிஞ்சா மேளத்துலதான் முழிக்கிறோம். பி.பி. சீனிவாஸ் இருக்காரா?" இல்லை. எங்களிடம் பி.பி. சீனிவாஸ் இல்லை. ஜேசுதாசுக்குச் சளி பிடித்திருந்ததால் அன்றைக்கு ஒப்பேற்றினோம்.

கல்யாண வரவேற்பு இன்னொரு உலகம். அங்கே கூட்டம் நமக்கு முதுகைக் காட்டிப் பந்தியைப் பார்த்து நிற்கும். பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது பிரச்சினையே இல்லை. அடுத்த பந்திக்குக் கூப்பிடுவது கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து வந்து, 1982-இல் வந்த வாழ்வே மாயம் படத்தின் தலைப்புப் பாட்டைக் கேட்டார். காதலும் போய் உயிரும் போகிற மனுஷன் பாடுகிற பாட்டு. மணமேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்கிறார்கள். "மாமா, வேற ஏதாவது..." என்று இழுத்தேன். "எம் மாப்ளைக்கு நான் கேட்கிறேன். சீர் சுமந்து வந்தவன் கேட்கிறேன்" என்றார். எங்கள் பக்கம் தாய்மாமன் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. கீபோர்டுக்காரர் கண்ணைக் காட்டினார். அதே மெட்டு, தாளத்தை மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் குத்துக்கு மாற்றினார். சோகம் முழுவதும் இடுப்புக்கு இறங்கிவிட்டது. பெண் வீட்டார் வந்து ஆடினார்கள். தாய்மாமன் மட்டும் ஓரமாக நின்று அழுதார். வார்த்தையைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

இதெல்லாம் சில்லறை. என் கர்வத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு போன கச்சேரி ஒன்று இருக்கிறது.

மேலூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. கமிட்டி சொல்லியனுப்பியது: இந்த வருஷம் ஊர்ப் பெரியவர் ஒருவரை மேடையில் கௌரவிக்கிறோம், அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்பில் உள்ளே போனவர். எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1965 ஜனவரி 25 அன்று, வடக்கு மாசி வீதியில் கலவரம் வெடித்துத் தமிழ்நாடு முழுக்கப் பற்றிக்கொண்ட கதையை மதுரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட ஆள் முன்வரிசையில் உட்காரப் போகிறார். நான் பாட்டு வரிசையைச் சலித்து எடுத்தேன். பாரதிதாசன் ஒன்று. தமிழின் பெருமை இரண்டு. ஒரு புதுப் பாட்டில் நடுவில் நாலு வார்த்தை இந்தி வருகிறது என்று அதைத் தூக்கினேன். கிட்டார் தம்பி சட்டையில் ஏதோ இந்தி எழுத்து இருந்தது. சட்டையைத் திருப்பிப் போடச் சொன்னேன். தையலெல்லாம் வெளியே தெரிய, அவன் மூன்று மணி நேரம் வாசித்தான்.

பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, கறுப்பு சிவப்புக் கரை, வெங்கலம் மாதிரி ஒரு முகம். பாரதிதாசன் பாட்டுக்குத் தலையாட்டவில்லை. தமிழின் பெருமைக்குக் கொட்டாவி விட்டார். நான் வேர்த்துப்போய், இன்னும் காரம் போதவில்லை போல என்று நினைத்து, மூன்றாவது தமிழின் பெருமைக்குத் தயாரானேன். அப்போது ஒரு பையன் ஓடிவந்து துண்டுச் சீட்டைக் கொடுத்தான். ஐந்நூறு ரூபாய் நோட்டைக் குண்டூசியால் குத்தியிருந்தது. கோழி கிளறிய எழுத்தில்: 'ஆராதனா. ஜீப் பாட்டு. இந்தியில்.'

ஆராதனா 1969. இந்தி எதிர்ப்பின் சூடு ஆறி நாலே வருஷம். எஸ்.டி. பர்மன் இசை, கிஷோர் குமார் குரல். ராஜேஷ் கன்னா ஜீப்பில் பாடிக்கொண்டு வர, ஷர்மிளா தாகூர் மலை ரயில் ஜன்னலில் உட்கார்ந்து புத்தகம் படிப்பது போல் பாவனை செய்வார். ஒரு வார்த்தை புரியாமல் தமிழ்நாடே பார்த்த படம். அது எனக்கும் தெரியும். ஆனால் யார் கேட்பது? இது ஏதோ சோதனை, பாடினால் செருப்பு வரும் என்றே நினைத்தேன். மேடையை விட்டு இறங்கிப் போய்க் குனிந்து, "ஐயா, இந்தியிலயா?" என்றேன்.

"பெறகு? அதத் தமிழ்ல பாடுனா நல்லாவா இருக்கும்?"

"இல்லய்யா... நீங்க... அறுபத்தஞ்சுல..."

பெரியவர் என்னை, பல்லைப் பிடித்துப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்குகிற மாட்டைப் பார்ப்பது போல் பார்த்தார். "திணிச்சாத்தானப்பா தப்பு. நான் காசு குடுத்துக் கேட்கிறேன்ல."

எஸ்.பி.பி.தான் பாட வேண்டும். அவனுக்கு இந்தி தெரியாது. நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தான். இந்திக்காரர்கள் நாலு விதமாகச் சொல்கிற 'க'வுக்கும் நம்மிடம் ஒரே 'க'. அவன் பாட்டுக்கு எல்லாக் 'க'வையும் ஒரே மாதிரி தட்டிக்கொண்டு போனான். பல்லவி முடிவதற்குள் பெரியவர் கையைத் தூக்கினார். வாத்தியம் நின்றது. எழுந்து, படியேறி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவன் காதில் சொன்னார்: "அப்பிடியில்ல தம்பி. அந்த எழுத்த அடிவயித்துலேருந்து எடு." எடுத்தும் காட்டினார். கமிட்டித் தலைவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றார்.

திரும்ப ஆரம்பித்தோம். பின்னால் பைக் மேலிருந்த பையன்கள் யாரும் அந்தப் பாட்டைக் கேட்டதே கிடையாது. ஆனால் பெரியவர் தொடையில் தாளம் போடுவதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். விசில் பறந்தது. "ஒன்ஸ்மோர்" என்று சீட்டு வந்தது. என் பாரதிதாசனுக்கு எந்த ஊரிலும் வராத ஒன்ஸ்மோர்.

முடிந்ததும் அவரிடம் கேட்டேன். "ஐயாவுக்கு இந்தி நல்லாத் தெரியும் போல?"

"ஒரு எழுத்துத் தெரியாது" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "பாட்டுத்தான் தெரியும். பதினாலு தடவ பார்த்தேன்."

பத்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்க வேண்டும். அது நாடு முழுக்க உள்ள விதி. சாமானைக் கட்டி, கணக்குப் பார்த்து, கமிட்டியிடம் பாக்கியை வாங்கி (இது தனிக் கட்டுரை), வேன் மாட்டுத்தாவணிக்கு வந்து சேரும்போது மணி மூன்று. பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வழக்கமான டீக்கடை பூட்டியிருந்ததால் அடுத்த கடையில் நிறுத்தினோம்.

மாட்டுத்தாவணி டீக்கடையில் ராத்திரி என்ன பாட்டு ஓடும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. இளையராஜா. எண்பதுகள். ஆனாலும் அன்று பட்ட அடியில் என் மானத்தை மீட்க ஏதாவது வேண்டியிருந்தது. வேனிலேயே பந்தயம் கட்டினேன்: ஜானகி பாடிய பாட்டுத்தான் ஓடும், இல்லையென்றால் ஒன்பது டீயும் என் செலவு. எஸ்.பி.பி., "நான் பாடினதுதான்" என்றான். ஜேசுதாஸ் அவனிடம் பேசுவதில்லை என்பதால் என் பக்கம் திரும்பி, "நம்ம பாட்டுன்னு சொல்லுங்க" என்றார்.

இறங்கிப் போனோம். கடையில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று, மேலே ஆணியில் தொங்கியது. பாட்டு இல்லை. பாய்லர் சீறுகிற சத்தம் மட்டும். மார்க்கெட்டில் யாரோ எடை சொல்கிற சத்தம்.

"என்ன மாஸ்டர், செட்டு ரிப்பேரா?" என்றேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, தலையால் எங்கள் வேனைக் காட்டினார். "மேல டோலக்கு கட்டியிருக்குல்ல. ராத்திரி பூராம் பாட்டுலயே கெடந்துட்டு வாரீகன்னு தெரிஞ்சுச்சு. அதான் அமத்திட்டேன். உக்காருங்க."

ஒன்பது டீ. காசை நான்தான் கொடுத்தேன்.