பிரீமியத்தைப் பங்களாவில் கேளுங்கள்

2021இல் இலங்கை அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. கொரோனாவுக்குப் பயந்து மூடிய விமான நிலையத்தைத் திறந்தபோது, சுற்றுலா வரும் வெளிநாட்டார் எவரும் காப்புறுதி இல்லாமல் கட்டுநாயக்காவில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 12 டொலர் கட்டினால் போதும். ஒரு மாதத்துக்கு 50,000 டொலர் வரை கொரோனா வைத்தியச் செலவுக்குப் பொறுப்பு. அன்றைய மாற்று விலையில் கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய். எடுப்பதா வேண்டாமா என்று வந்தவர் மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை. அவருக்காக அரசாங்கமே யோசித்து முடித்திருந்தது.

அதே வருடம் மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்கி வர்த்தமானி வந்தது. அதையும் பொறுக்காமல் கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. கணக்கில் கெட்டிக்காரர்கள் அந்த ஒரு கோடியை ஆயிரத்தால் வகுத்துப் பார்க்கட்டும். பத்தாயிரம் நாள். மாதம் தவறாமல் 25 நாள் வேலை தருகிற புண்ணியவான் துரை வாய்த்தால், 33 வருடம் கொழுந்து பறிக்க வேண்டும். வந்தவரின் ஒரு மாதக் காய்ச்சலுக்கும் எங்கள் அக்காமாரின் 33 வருட முதுகுக்கும் ஒரே விலை!

வந்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் காய்ச்சல் இல்லாமல் ஊர் போய்ச் சேரட்டும். என் கேள்வி வேறு. அக்கரப்பத்தனையில் இருக்கும் நாங்கள் பயணக் காப்புறுதி எடுக்கலாமா?

சிரிக்காதீர்கள். எங்களைவிட அதிகம் பயணம் செய்கிறவர்கள் இந்த நாட்டில் யார்? ஊர்ப்பெயரைக் கேட்டாலே தெரியும். கிளாஸ்கோவில் ஏறி பெல்மோரலைத் தாண்டி டொரிங்டனில் இறங்குகிறோம், தினமும். பொலிசிப் படிவத்தில் 'செல்லுமிடம்: கிளாஸ்கோ' என்று எழுதினால் கம்பனிக்காரன் ஐரோப்பாவுக்கான பிரீமியம் போட்டுவிடுவான். வாகனத்தின் வகை என்ற இடத்தில்தான் வில்லங்கம். அங்கே 'லொறி' என்று எழுத வேண்டும். லொறி கிடைக்காத நாளில் டிரக்டர்ப் பெட்டி.

சம்பள நாளில் காப்புறுதி முகவர் ஒருவர் தோட்டத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கழுத்துப்பட்டி கட்டிய நல்ல பிள்ளை.

"தம்பி, வேற டிவிசனுக்கு லொறியில ஏத்திக்கிட்டுப் போறாங்களே, அதுல பொரண்டா காசு வருமா?"

"பயணிகளை ஏற்ற அனுமதி உள்ள வாகனமாக இருக்கணும் அக்கா. லொறி சாமான் ஏத்துறதுக்குத்தானே?"

"அப்ப சாமானுக்கு வருமா?"

தம்பி படிவத்தைத் திருப்பிப் பார்க்கிறார். சாமானுக்கு வரும்.

இது கற்பனைப் பேச்சுத்தான், கணக்கு கற்பனையில்லை. மலையில் கிள்ளிய கொழுந்து நிறுவை மடுவத்துக்குப் போய், ஃபெக்டரிக்குப் போய், தேயிலையாகி, கொழும்பில் ஏலம்போய்க் கப்பல் ஏறுகிறது. ஏற்றுமதி வியாபாரத்தில் சரக்கு விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றையும் சேர்த்தே விலை சொல்லும் வழக்கம் உண்டு. கடல் நடுவே தேயிலை நனைந்தால் யார் பொறுப்பு, துறைமுகத்தில் பெட்டி உடைந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அட்சரம் பிசகாமல் எழுதியிருக்கிறது. கொழுந்தின் பயணத்துக்கு இத்தனை பத்திரம். அதைக் கிள்ளிய கையின் பயணத்துக்கு ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

லொறியிலிருந்து இறங்கியதும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. உல்லாசப் பயணிகளின் பொலிசிகளில் 'ஆபத்தான விளையாட்டுகள்' என்று ஒரு தனிப் பகுதி இருக்கும். மலையேற்றம் அதில் சேர்த்தி. கூடுதல் பிரீமியம் கட்டாவிட்டால் பொறுப்பில்லை. பயணிக்குக் கயிறும் சப்பாத்தும் வழிகாட்டியும் உண்டு. எங்கள் மலையேற்றத்துக்கு இடுப்பில் ஒரு படங்கு, முதுகில் கொழுந்துக் கூடை, பின்னால் "கெதியா, கெதியா" என்று ஒரு கங்காணி. குளவி கலைந்தால் ஓட வழியில்லாத சரிவு. சிறுத்தை படுத்திருக்கும் தேயிலைத் தூர். இத்தனைக்கும் பிறகு கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். விளையாட்டு என்றால் இதுவல்லவா விளையாட்டு?

இன்னொரு விதிவிலக்கும் பெரும்பாலான பொலிசிகளில் இருக்கும்: ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பணம் தரமாட்டார்கள். எங்கள் நோய் 1823இலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்து வந்தவர்கள் வழிநெடுக விழுந்து செத்தார்கள். அந்தப் பயணத்துக்குச் செலவு யார் கணக்கில் விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? நடந்தவன் கணக்கில்! கங்காணி கொடுத்த வழிச்செலவும் முற்பணமும் கடனாக ஏறின. கடன் தொகையைத் துண்டில் எழுதித் தொழிலாளியைத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றினார்கள். 1921இல்தான் அந்தத் துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். 2023இல் அதே தலைமன்னார்–மாத்தளைப் பாதையில் எங்கள் ஆட்கள் 200 வருட நினைவாக மறுபடி நடந்தபோது மேடைகளில் நிறையப் பேச்சுக் கேட்டது. பழைய வழிச்செலவைத் திருப்பித் தருவதாக எவரும் சொன்னதாக ஞாபகமில்லை.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலேயே வந்தது. 2022இல் அதைத் திருத்தி, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் உள்ளே சேர்த்தார்கள். நட்டஈட்டின் உச்சவரம்பை 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சமாக ஏற்றினார்கள். ஆக, எங்கள் பயணத்துக்கு ஏற்கெனவே பொறுப்பாளி உண்டு. பெயர்: முதலாளி. எத்தனை பெரட்டுக்களத்தில் இந்தச் செய்தியைப் படித்துச் சொன்னார்கள்? சம்பளத்தில் பிடிக்க வேண்டியதென்றால் ஒரே நாளில் எல்லாக் காம்பராவுக்கும் சேதி போய்விடும். வாங்க வேண்டியதென்றால் துரைக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

தொழிற்சங்கங்கள்? சந்தா மாதம் தவறாமல் செக்ரோலில் வெட்டப்படுகிறது. அப்பனும் பாட்டனும் கட்டிய பிரீமியம் அது. தலைவர் பஜிரோவில் வந்து இறங்குகிறார் என்றால், ஒரு பயணமாவது பத்திரமாக நடக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கம்பனிகளோ இன்னும் ஒருபடி மேலே போய்விட்டன. செடியைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை மட்டும் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள்ளும் புதிய முறையைப் புகழ்கிறார்கள். நேற்றுவரை தொழிலாளி, இன்று முதல் கூட்டாளியாம். கூட்டாளி லொறியிலிருந்து விழுந்தால் நட்டஈட்டை எந்த முதலாளியிடம் கேட்பது? தோட்டத்தில் வேலை போதாமல் மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போகிறவர்களின் கதை இதைவிடச் சுருக்கம். அவர்களுக்குப் பெயர்கூட எந்தப் புத்தகத்திலும் இல்லை.

லொறி வேண்டாம், காசு கொடுத்து வாகனம் பிடிக்கலாம் என்றால், ரோட்டைப் பாருங்கள். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லையில், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ் வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் குறுக்குப் பாதையில் கனரக வாகனங்களைத் தடுத்தார்கள். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலை கொத்மலை கெரண்டிஎல்லையில் அரச பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள். அதில் 70 பேருக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். இரண்டு முறையும் அமைச்சர்கள் வந்தார்கள், அனுதாபம் வந்தது, விசாரணை வந்தது. எங்கள் ரோட்டில் ஒரு வளைவுக்குத் தடுப்புச் சுவர் வேண்டுமென்றால், முதலில் அங்கே ஆள் சாக வேண்டும். அதுதான் விண்ணப்பப் படிவம்.

சுற்றுலாப் பயணிக்குத்தான் மரியாதை என்றால் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள் இந்த நாட்டுப் பெண்கள். 2022இல் ஓமானில் அகப்பட்டவர்கள் போனது சுற்றுலா விசாவில். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவில்லை. பதிவோடு வரும் காப்புறுதியும் இல்லை. போன இடத்தில் விற்கப்பட்டார்கள். அந்த வழக்கில் மஸ்கட் தூதரகத்தில் இருந்த அதிகாரி ஒருவரே கைதானார். நாட்டுக்குள் வந்த சுற்றுலாப் பயணிக்கு 50,000 டொலர்; நாட்டிலிருந்து போன 'சுற்றுலாப் பயணி'க்கு விலை பேசுகிறவன் தூதரகத்துக்குள்ளேயே இருந்தான் என்று புகார்!

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்து டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை 2021 ஜூலையில் எரிகாயங்களோடு உடலாகத் திரும்பி வந்தாள். கூலி பேசிக் கூட்டிப்போன தரகருக்கும் கூலி உண்டு. பிள்ளையின் திரும்புபயணத்துக்குப் பொறுப்பு மட்டும் எவனுக்கும் இல்லை.

2026 ஜனவரியிலிருந்து நாட்சம்பளம் 1,550 ரூபாய், வேலைக்கு வந்தால் அரசு தரும் 200, மொத்தம் 1,750 என்று வரவுசெலவுத் திட்டத்தில் வாசித்தார்கள். நல்லது. இனி முகவர்கள் லயத்துப் பக்கம் கட்டாயம் வருவார்கள்; 'ஒருநாள் சம்பளம்தானே அக்கா' என்பார்கள். அவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். எடுக்க மாட்டோம். எங்களை ஏற்றி அனுப்புகிறவன் கட்ட வேண்டிய காசை நாங்கள் கட்ட முடியாது. வழிச்செலவை எங்கள் தலையில் எழுதியது ஒருமுறை போதும்.

துரையின் பங்களாவுக்குப் போங்கள் தம்பி. போகும்போது லொறி நம்பரை நாங்களே எழுதித் தருகிறோம். காலையில் பெரட்டு முடிந்ததும் பின்பக்கம் ஏறி, நிற்க இடமிருந்தால் நின்று, மற்ற டிவிசன் வரைக்கும் ஒருதரம் போய்வாருங்கள். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். விழுந்தால் உங்கள் கம்பனியே உங்களுக்குப் பணம் தராது. உயிரோடு இறங்கினால், எத்தனை பேருக்குப் பொலிசி எழுத வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று துரையிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று வந்து எங்களிடமும் சொல்லுங்கள்.