கொடுவாவுக்கு யாருடா கண்ணாடி மாட்டினது?

ஏன்டா பேராண்டி, சேலையூர் மொட்டமாடியில உக்காந்து நீ செஞ்ச லூரை, அதான் மீனை ஏமாத்துற பொய் இரையைப் பாத்தேன். தேக்குக் கட்டையில செதில் செதிலா கீறி, கண்ணுக்குச் சம்கி ஒட்டி, நெயில் பாலிஷ் வேற அடிச்சிருக்க. கொலுவுல வச்சா சுண்டல் நிச்சயம்.

மீனு அழகு பாக்காது, நடை பாக்கும். முட்டுக்காடு முகத்துவாரத்துல தண்ணி வத்தி இழுக்கறப்போ மடவைக் குஞ்செல்லாம் கடலுக்கு வரும். கொடுவா அடியில காத்துக் கெடக்கும். உன் கட்டை மேலாக்க மிதந்து போனா, அது எதுக்கு எழுந்து வரணும்? பெயின்ட்டைப் பாராட்டவா?

"வாளியில போட்டேன், முங்குச்சு தாத்தா"ங்கிற. எந்தத் தண்ணியில? கார்ப்பரேஷன் தண்ணியில! கடல் தண்ணி கனம்டா, லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 10 லிட்டர் வாளியில 350 கிராம் கல்லுப்பு கரைச்சு, அதுல விட்டுப் பாரு. பி.இ. படிச்சவனுக்கு நான் கணக்கு சொல்றதா? முள்ளு, கம்பியோட சேத்து 40 மில்லி தண்ணியை ஒதுக்குற கட்டை, மொத்தமா 41 கிராமைத் தாண்டினாத்தான் கடல்ல முங்கும். கொஞ்சமா தாண்டினா நிதானமா இறங்கும். எக்கச்சக்கமா தாண்டினா கல்லுல சொருகிக்கும், தூண்டில் நரம்பை அறுத்துட்டு பஸ் ஏறலாம்.

கனம் கூட்டத்தான் ஈயம்; அதை எங்க வைக்கிறேங்கறதுலதான் சூட்சுமம். தலையில வச்சா மூக்கு குத்தி விழும். வால்ல வச்சா தூரமா பறக்கும், ஆனா வால்தான் முதல்ல இறங்கும். நடு வயித்துல வச்சா படுத்தவாக்குல தள்ளாடித் தள்ளாடி இறங்கும். தள்ளாடுறவனைக் கண்டா கொடுவாவுக்கும் இளக்காரம்தான்.

மூக்கு வளையத்துலருந்து வால் முள்ளு வரைக்கும் ஒரே எவர்சில்வர் கம்பி ஊடால ஓடணும். மரத்துல ஸ்க்ரூவைத் திருகிட்டு வந்தியானா, கொடுவா முள்ளைக் கொண்டுபோகும், நீ கட்டையைக் கொண்டுவருவ.

ஈயம் 327 டிகிரியில உருகும். உங்கம்மா பால் காய்ச்சுற பாத்திரத்துல உருக்கிடாதே, புகையும் தூளும் விஷம். அச்சுல ஒரு சொட்டு ஈரமிருந்தாலும் மூஞ்சில தெறிக்கும். சம்பளம் வாங்குறவன்தானே, ஈயக்குண்டு வாங்கித் துளையில வச்சு எம்-சீல்ல அடைச்சிடு.

இதுவும் கஷ்டமா? எவர்சில்வர் ஸ்பூன் ஒண்ணை எடு. காம்பை அறு, ரெண்டு முனையிலயும் துளை போட்டு ஒண்ணுல வளையம், ஒண்ணுல முள்ளு மாட்டு. அமெரிக்காவுல ஜூலியோ பூயல்னு ஒருத்தர் ஸ்பூன் லூருக்கு 1852-லயே காப்புரிமை வாங்கிட்டாரு. அந்த மினுமினுப்புக்கு வஞ்சிரமும் பாறையும் வரும். ஸ்பூன் எங்கேன்னு உங்கம்மா கேட்டா என்னைக் கைகாட்டாதே.

இன்னொண்ணு. கொடுவா சின்ன வயசுல ஆணு, வளந்தா பொண்ணா மாறிடும். அதனால பெருசு மாட்டினா முட்டைக்காரி, விட்டுடு. பொடிசு மாட்டினா குழந்தை, அதையும் விட்டுடு. நடுவாந்தரமா ஒண்ணு மாட்டினா மட்டும் எனக்கு போன் போடு. குழம்புக்கு மாங்கா நான் வாங்குறேன்.