முள்ளில் நிற்கும் வழக்கு

இசைத்தட்டில் கேட்டால்தான் பாட்டு, டிஜிட்டல் வெறும் சக்கை என்கிறாரே என் மாமா. அவருக்கு மட்டும் அப்படி என்ன காது?

2022-ல் அமெரிக்காவில் இந்த ரகக் காதுகள் கொத்தாக மாட்டிக்கொண்டன. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகளை, டிஜிட்டல் வாடையே படாதவை என்று நம்பிக் கொண்டாடினார்கள். பார்த்தால், 2011 முதலே அவற்றில் பல, மூல நாடாவை டிஜிட்டல் கோப்பாக்கி அதிலிருந்து வெட்டியவை! அம்பலப்படுத்தியது காது இல்லை, அரிசோனாவில் ஒரு தட்டுக் கடைக்காரரின் வாய். அப்புறம் வழக்கு, நஷ்டஈடு எல்லாம் ஆனது. மறைத்தது தப்புதான். இந்தக் கதையைத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள். முள்ளை நம் மேல் வைத்துவிடுவார்.

அப்போ சி.டி.தான் உசத்தியா?

அளந்து பார்த்தால், ஆமாம். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சி.டி.யில் 96 டெசிபல். தட்டில் 70 வந்தாலே பெரிய விஷயம். போதாததற்கு, முள் உள்வட்டத்துக்கு வரும்போது அதனடியில் பள்ளம் ஓடும் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். கடைசிப் பாட்டு கரகரப்பது பாடகர் களைத்துப்போனதால் அல்ல.

ஆனால், மெட்டாலிக்கா ராக் குழுவின் ‘டெத் மேக்னடிக்’ (2008) சி.டி.யைக் கேளுங்கள். கையில் 96 டெசிபல் இருந்தும் மேல்படியிலேயே நின்று கத்துகிறது. குற்றவாளி சி.டி. இல்லை, சத்தத்தை ஏற்றிய கை.

இத்தனை குறையோடும் தட்டு எப்படி விற்கிறது?

அமெரிக்காவில் தட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம்தான் அதைச் சுழற்றும் கருவியே இருக்கிறது என்றது 2023-ல் லுமினேட் நிறுவனத்தின் ஆய்வு. மீதிப் பாதிக்குக் கீறல் சத்தம் எங்கே கேட்கப்போகிறது?