ஒத்தக்கால் பந்தல்

ஏ மருமகனே, ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிறியே, என்ன சங்கதின்னு உங்க அத்தைகிட்ட கேட்டேன். "அவன் டீமோட மொதலாளி டீமை வித்துட்டுப் போகப் போறாராம். அதான் புள்ளைக்குச் சோறு எறங்கலை"ன்னா. யாரு வீட்டுலயோ எழவுன்னு நெனச்சு நான் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டேன். அந்த மொதலாளிக்கு உன் பேரு ஊரு தெரியுமா? சரி சரி, கேக்கலை, கோவிச்சுக்காத. இந்தத் திண்ணையில உக்காந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவித் தா. ஒரு ஊர்க் கதை சொல்றேன்.

ஊரு ஸ்காட்லாந்துல இருக்கு. பேரு கிரெட்னா. உனக்கு பார்சிலோனா தெரியும், மான்செஸ்டர் தெரியும், கிரெட்னா தெரியாது. தெரிஞ்சிருந்தா, "நம்ம டீமையும் ஒரு ஷேக்கு வாங்குனா நல்லாருக்கும்"னு போன மாசம் டீக்கடையில உக்காந்து பேசியிருக்க மாட்ட.

இங்கிலாந்து எல்லையைத் தாண்டுன ஒடனே வர்ற ஊரு அது. மொத்தமே சுமார் 3,000 தலைதான். அந்த வட்டாரத்துக்குப் பேரு வந்ததே ஓடிப்போன கல்யாணத்துனால. 1754-ல இங்கிலாந்துல ஒரு சட்டம் நடப்புக்கு வந்துச்சு. 21 வயசு ஆகாதவுக கட்டிக்கணும்னா அப்பன் ஆத்தா சம்மதம் வேணும்னு. எல்லைக்கு இந்தப் பக்கம் ஸ்காட்லாந்துல அந்தக் கெடுபிடி கெடையாது. ரெண்டு சாட்சி இருந்தாப் போதும். சோடி சோடியா ராத்திரியோட ராத்திரியா வண்டி கட்டி ஓடி வருவாக. பக்கத்துலயே இருக்கு கிரெட்னா கிரீன். அங்க கொல்லம்பட்டறையில போயி நின்னா, கொல்லரு பட்டடையில சம்மட்டியால ஒரு தட்டு. கல்யாணம் முடிஞ்சுது. பொண்ணோட அப்பன் மூச்சு வாங்க வந்து சேர்றப்ப இவுக மாலையோட நிப்பாக. இப்படி ஓடி வந்தவுகளையே பாத்துப் பழகுன ஊரு, ஒரு நா ஓடி வந்த காசுக்குத் தானே கழுத்தை நீட்டிருச்சு.

அங்க 1946-ல ஆரம்பிச்ச ஒரு கால்பந்து கிளப் இருந்துச்சு. ஊரு ஸ்காட்லாந்துன்னாலும் எல்லையோரமா இருக்குறதுனால இங்கிலாந்து சின்ன லீக்குலயே பல வருசம் ஆடிக்கிட்டு இருந்தாக. 2002-ல ஏர்ட்ரியோனியன்ஸ்னு ஒரு பழைய ஸ்காட்லாந்து கிளப் கடன்ல மூழ்கிப் போக, காலியான எடத்துல கிரெட்னா உக்காந்துச்சு. எழவு வீட்டு நாற்காலி மருமகனே, அது. அதை மனசுல வச்சுக்க, பின்னாடி வரும்.

அந்தச் சமயத்துல வந்தவர் புரூக்ஸ் மைல்சன். சண்டர்லாந்துக்காரர். சின்ன வயசுல முதுகெலும்பு ஒடைஞ்சு, இனிமே நடக்க மாட்டான்னு டாக்டருங்க கைவிட்ட புள்ளை. அப்புறம் காடு மேடு ஓட்டப் பந்தயத்துல ஓடுனாரு. கட்டடத் தொழில், இன்சூரன்ஸ்னு நல்லா சம்பாரிச்சாரு. பின்னால குடுமி, வாயில ஓயாத சிகரெட்டு. கைவிடப்பட்ட ஜீவன்களுக்குன்னு வீட்டுலயே ஒரு காப்பகம் வச்சிருந்தவரு. ஆட்டத்தன்னைக்கு மொதலாளிமாருக்குப் போட்ட மெத்தை நாற்காலியில உக்காராம, சனத்தோட சனமா நின்னு பாப்பாரு. இப்படி ஒரு ஆளை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கே பிடிக்கும். அதுதான் வம்பே. மொதலாளி கெட்டவன்னா ஊரு ஒரு கண்ணை முழிச்சே வச்சிருக்கும். நல்லவன்னா ரெண்டு கண்ணையும் மூடித் தூங்கிரும்.

காசு வந்துச்சு, ஆட்டக்காரங்க வந்தாக. 2004-05-ல மூணாம் டிவிஷன்ல 36 ஆட்டத்துக்கு 130 கோல், 98 பாயிண்டு. அடுத்த வருசம் ரெண்டாம் டிவிஷன் சாம்பியன். அதே வருசம், 2006 மே 13, கிளாஸ்கோ ஹாம்டன் பார்க்குல ஸ்காட்டிஷ் கோப்பை எறுதி ஆட்டம். டிவிஷன்களுக்கு மேல பெரிய லீக்கு ஒண்ணு இருந்ததால, ரெண்டாம் டிவிஷன்னா மூணாவது தட்டு. அந்தத் தட்டுல இருக்குற கிளப் எறுதிக்கு வந்தது அதான் மொத தடவை. எதிர்ல எடின்பரோ ஹார்ட்ஸ், பெரிய கை. 50,000 பேருக்கு மேல கூடியிருக்காக. ஹார்ட்ஸ் முன்னால இருக்கு. கிரெட்னாவுக்கு ஒரு பெனால்டி கெடைக்குது. ரயன் மெக்கஃபி அடிச்சதைக் கோல்கீப்பர் தட்டி விட்டுட்டாரு. ஐயோன்னு சனம் வாயப் பொளக்குறதுக்குள்ள, திரும்பி வந்த பந்தை அவரே உள்ள தள்ளிட்டாரு. 1-1. கடைசியில பெனால்டி போட்டியில 4-2-ன்னு தோத்தாக. தோத்தா என்ன, ஐரோப்பாப் போட்டிக்குச் சீட்டு கெடைச்சுச்சே! அங்க போயி டெர்ரி சிட்டிகிட்ட 5-1 வாங்கிக் கட்டிக்கிட்டது வேற கதை. அதை நான் சொல்லலை, நீயும் கேக்கலை.

2007 ஏப்ரல் 28. முதல் டிவிஷன்ல கடைசி நாள். ராஸ் கவுண்டி ஊர்ல ஆட்டம். செயின்ட் ஜான்ஸ்டன் கிளப் வேற எடத்துல செயிச்சுட்டு, கோப்பை நமக்குத்தான்னு காதைத் தீட்டிக்கிட்டு நிக்குது. இங்க 2-2. நேரம் முடிஞ்சு கூடுதல் நிமிசம் ஓடுது. ஜேம்ஸ் கிரேடி ஒண்ணு அடிச்சாரு பாரு, 3-2! மூணு வருசத்துல மூணு படி. 3,000 பேரு ஊரு, செல்டிக், ரேஞ்சர்ஸ் கூட ஒரே பந்தியில எலை போட்டு உக்காந்துருச்சு.

உக்காந்தது சரி, வீடு எங்க? அப்ப பெரிய லீக்குக்கு 6,000 இருக்கை உள்ள மைதானம் வேணும். இவுக ரேடேல் பார்க்கு அதுக்கு ஈடாகாது. அதனால ஊரை விட்டு வெகு தூரத்துல மதர்வெல் கிளப்போட ஃபிர் பார்க்கை வாடகைக்குப் பிடிச்சாக. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதைதான். வாராவாரம் சொந்த ஊரு ஆட்டம் பாக்க ஊரு விட்டு ஊரு போகணும்னா எத்தனை பேரு போவான்? ஒரே புல்லுல ரெண்டு கிடை மேஞ்சா புல்லு என்னாகும்? அங்க மைதானம் சேறாப் போயி ஆட்டம் தள்ளிப் போனதும் உண்டு. 2008 ஏப்ரல்ல இன்வெர்னஸ் கூட ஆடுனப்ப பாக்க வந்தவுக 431 பேரு. 13,000 பேருக்கு மேல உக்காருற மைதானம் அது. நம்ம பக்கம் காதுகுத்துக்கே இதைவிடக் கூட்டம் சேரும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன், சுண்ணாம்பு போதும். அந்த 431 பேரு குடுத்த டிக்கெட்டுக் காசுல அந்தச் சம்பளப் பட்டியல் ஓடுமா? ஓடாது. ஒரு மாசமும் ஓடுனதில்ல. ஓட்டுனது மைல்சனோட பாக்கெட்டு. கிளப்போட வரும்படின்னு ஒண்ணு, செலவுன்னு ஒண்ணு, நடுவுல இருந்த பள்ளத்துக்கு அந்த மனுசன் பேரு. 2008 பிப்ரவரியில அவரு சுகமில்லாமப் படுத்துட்டாரு. பணம் நின்னுச்சு. யாரும் திருடலை, யாரும் ஏமாத்தலை. ஒரு மனுசனுக்கு ஒடம்பு சரியில்லை, அம்புட்டுதான். ஆட்டக்காரங்களுக்குச் சம்பளம் வரலை.

மார்ச்சுல நிர்வாகி வந்து உக்காந்தாரு. கடன்காரங்களுக்காகக் கணக்குப் பாக்க வர்ற ஆளு. அவரு மொதல்ல பாக்குறது கோல் கம்பத்தை இல்ல, சம்பளப் பட்டியலை. வந்த ஒடனே லீக்கு 10 பாயிண்டைப் பிடிச்சுக்கிச்சு. விழுந்தவன் முதுகுலயா அடிக்கிறதுன்னு உனக்குத் தோணும். எனக்கு அதுல தப்புத் தெரியலை. அப்படி ஒரு அடி இல்லைன்னா, ஆளாளுக்குக் கடனுக்கு ஆட்டக்காரனை வாங்கிக் கோப்பையைத் தூக்கிட்டு, மறுநா காலையில கையை விரிச்சுருவான். அப்புறம் பாரு வேடிக்கையை, லீக்கே கைக்காசு குடுத்து சீசனை முடிக்க வச்சுச்சு. பாசத்துல இல்ல. பாதியில கிரெட்னா எந்திரிச்சுட்டா, எல்லாரோட பாயிண்டுக் கணக்கும் கொழம்பிப் போகும். பந்தியில ஒருத்தன் செத்தாலும் பாயசம் வரைக்கும் பிடிச்சு உக்கார வைக்கிற கணக்கு.

கடைசி ஆட்டம் 2008 மே 13. கோப்பை எறுதி ஆடி சரியா ரெண்டு வருசம். எதிர்ல அதே ஹார்ட்ஸ். கவின் ஸ்கெல்டன் கோல் போட, 1-0-ன்னு கிரெட்னா செயிச்சுச்சு! சாகுறதுக்கு முந்தி விளக்கு ஒரு தடவை பிரகாசமா எரியும்னு சொல்லுவாகளே, அது. அடுத்த வாரமே வேலைக்காரங்க அம்புட்டுப் பேரையும் அனுப்பிட்டாக. ஜூன்ல கிளப் லீக்கை விட்டே வெளியேறிச்சு. அந்த எழவு வீட்டு நாற்காலின்னு சொன்னேன்ல? அதுல பக்கத்து ஊரு அன்னன் அத்லெடிக் வந்து உக்காந்துச்சு. நவம்பர்ல மைல்சனும் போய்ச் சேந்துட்டாரு. வயசு 60.

"அது பட்டிக்காட்டு டீமு, அதான் செத்துச்சு"ங்கிற. வாய மூடு, வெத்தலையை மடி. அந்த எறுதியில செயிச்ச ஹார்ட்ஸைப் பாப்போம். அது 1874-ல தொடங்குன கிளப், தலைநகரத்து டீமு. அதுக்கு மொதலாளி விளாதிமிர் ரோமனோவ், லிதுவேனியா பேங்க்குக்காரர். மைல்சன் ஒரு சாதின்னா இவரு வேற சாதி. 2005-ல டீமு பட்டியல்ல மொத எடத்துல இருக்கையிலயே ஜார்ஜ் பேர்லிங்கிற மேனேஜரை வெளிய அனுப்புனவரு. வெள்ளாமை நல்லா வந்துருக்கே, உழவனை மாத்துவோம்னு எங்கயாச்சும் கேட்டிருக்கியா? பின்னால சம்பளமும் தாமதமாச்சு. அப்படித் தாமதமான வருசத்துலதான் 2012 கோப்பை எறுதியில அதே ஊருப் பங்காளி டீமு ஹிப்ஸை 5-1-ன்னு வெளுத்தாக. கோப்பை அலமாரியில இருக்கு, கல்லாவுல காத்து ஓடுது. 2013-ல அவரு உக்கியோ பேங்க்கு மூழ்குச்சு. ஹார்ட்ஸ் நிர்வாகி கைக்குப் போச்சு. 15 பாயிண்டு போச்சு, அந்த சீசன்லயே கீழ் டிவிஷனுக்கும் போச்சு. கிளப்போட பெரும்பங்கு லிதுவேனியாவுல கடன்காரங்க கையில. எடின்பரோவுல இருக்குற வீட்டுக்கு அங்க போயி சாவி கேட்டுக் கெடந்தாக.

ஆனா ஹார்ட்ஸ் சாகலை. ஏன்னு கேளு. ரசிகருங்க ஒரு சங்கம் வச்சு மாசாமாசம் சீட்டுக் கட்டுற மாதிரி கட்டுனாக. இன்னைக்கும் ஆயிரக்கணக்கான பேரு கட்டுறாக. ஆன் பட்ஜ்னு ஒரு அம்மா, ஐ.டி. கம்பெனி நடத்துன எடின்பரோக்காரவுக, 2014-ல கைக்காசு போட்டுக் கிளப்பை மீட்டாக. "நீங்க மெதுவாக் கட்டுங்க, கட்டி முடிச்சதும் ஒங்ககிட்டயே தந்துர்றேன்"ங்கிறது ஒப்பந்தம். மறு வருசமே டீமு கீழ் டிவிஷன்ல சாம்பியன். 2021-ல அந்தம்மா சொன்ன சொல்லு மாறாம பெரும்பங்கை ரசிகர் சங்கத்து கையில குடுத்துட்டாக. மொதலாளியா வந்து சொன்னபடி எறங்கிப் போன ஆளைக் காட்டுன்னு யாரும் என்னைக் கேட்டா, நான் அந்தம்மாவைத்தான் காட்டுவேன்.

சில மொதலாளிமாரு, தான் போன பின்னாடி என்னாகும்னு யோசிச்சு வச்சுட்டும் போறாக. பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு ஜாக் வாக்கர். உருக்கு வித்து சம்பாரிச்ச சொந்த ஊர்க்காரர். 1995-ல பிரீமியர் லீக்கே வாங்கிக் குடுத்தாரு. 2000-ல கண்ணை மூடுறதுக்கு முந்தியே கிளப்பை ஒரு டிரஸ்டு கையில விட்டிருந்தாரு. டிரஸ்டுக்குக் கணக்கு இருக்கும், கால்பந்துப் பைத்தியம் இருக்குமா? 2010-ல புனேக்காரங்க, கோழிப் பண்ணை நடத்துற வெங்கீஸ்கிட்ட வித்துருச்சு. 2012-ல கீழ எறங்குன அன்னைக்கு ரசிகருங்க கிளப்புத் துணியைப் போத்தி ஒரு கோழியையே மைதானத்துக்குள்ள விட்டாக. ஆட்டத்தை நிறுத்திட்டுக் கோழியைப் பிடிக்கச் சுத்தி சுத்தி ஓடுனாக பாரு, அதுக்கு மட்டும் நான் டிக்கெட்டு எடுத்திருப்பேன்.

அதனால மொதலாளி போறாருன்னு அழுகாத. அவரு போன மறுநா சம்பளம் யாரு தருவான்னு கேளு. மைதானம் யாரு பேருல இருக்குன்னு கேளு. கிளப்புக்கு அவரு குடுத்தது தானமா கடனான்னு கேளு. கடன்னா, போகையில தள்ளுபடின்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போறாரா, கடன் நோட்டைக் கையில வச்சுக்கிட்டே போறாரான்னு கேளு. அதையெல்லாம் விட்டுட்டு, அடுத்து வர்றவரு எந்த ஆட்டக்காரனை வாங்குவாருன்னு ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட்டாளியோட போன்ல பேசிக்கிட்டுக் கெடக்க. உங்க அத்தை தூக்கத்துல "கள்ளன்"னு எந்திரிச்சு உக்காந்துட்டா.

ஹார்ட்ஸ்காரங்க மட்டும் ஒரு தடவை பட்டதுல தேறிட்டாக. 2025-ல டோனி புளூம்ங்கிற பணக்காரர், பிரைட்டன் கிளப்புக்கு மொதலாளி, 98.6 லட்சம் பவுண்டு தர்றேன்னாரு. சந்தோசமா வாங்கிக்கிட்டாக. 29 சதவீதம் பங்கு குடுத்தாக, ஓட்டு மட்டும் குடுக்கலை. மாப்பிள்ளை வீட்டுல எத்தனை நா வேணும்னாலும் தங்கலாம், சாவிக்கொத்து மாமியா இடுப்புல.

கிரெட்னாவும் அப்படியே போயிரலை. 2008-லயே ரசிகருங்க கூடி "கிரெட்னா 2008"-னு புதுசா ஆரம்பிச்சு, கீழ் லீக்குல ஆடுனாக. மொதல்ல பக்கத்து ஊருல வாடகைக்கு. 2010-ல ரேடேல் பார்க்குக்கே திரும்பிட்டாக, சொந்தக் கந்தையைத் தேடி எடுத்துக் கட்டிக்கிட்டு.

சரி எந்திரி, சோத்துக்கு நேரமாச்சு. அத்தை கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கா. அந்தச் சட்டிக்கு மொதலாளி நாந்தான், நான் இன்னும் எங்கயும் போகலை.